எந்த குரூப்? தமிழ்நாட்டில் பாடப்பிரிவு தேர்ந்த கதை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் தேதி நிறுவப்பட்டபோது, பட்டம் பெற வந்தவரிடம் எந்தப் பாடம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அது அப்போது பாடம் நடத்தவும் இல்லை; கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். ஆங்கிலம், இன்னொரு மொழி, கணிதம், வரலாறு, அறிவியல், ஒழுக்கவியல் எல்லாம் எல்லோருக்கும் பொது. முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் அரசுக் கணக்குத் துறையில் வேலை பார்த்தார். சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். ஆனால் அவர் பெயர் நிற்பது தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியராக. அவர் வாங்கிய பட்டத்துக்கும் அந்தப் பணிக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. அன்றைய பட்டத்திடம் அப்படி ஒரு தொடர்பை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

மெட்ரிகுலேஷன் தேறியவர் இரண்டு ஆண்டு எஃப்.ஏ. படித்து, அதன்பின் இரண்டு ஆண்டு பி.ஏ. படிப்பது என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைத்த முறை. எஃப்.ஏ. வகுப்பில் விருப்பத்துக்கு இடமில்லை. ஒரு பாடத்தில் தவறினாலும் மொத்தமும் போயிற்று. இந்த விதியின் விலையை உலகம் அறிந்தது சீனிவாச ராமானுஜன் வழியாக. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்தைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். அங்கே அவரை வீழ்த்தியது உடலியல். அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதியும் பயனில்லை. எஃப்.ஏ.கூடத் தேறாத அந்த மனிதருக்கு 1913இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஒரு பாடத்தை மட்டும் படிக்க அவருக்குக் கிடைத்த அனுமதி கல்லூரி விதிக்கு வெளியே இருந்துதான் வந்தது.

பி.ஏ. வகுப்பில் நிலைமை கொஞ்சம் வேறு. 1880களுக்குப் பிறகு ஆங்கிலமும் இரண்டாம் மொழியும் பொதுவாக இருக்க, மூன்றாவதாக ஒரு விருப்பப் பிரிவு எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. கணிதம், பௌதிக விஞ்ஞானம், இயற்கை விஞ்ஞானம், தத்துவம், வரலாறு ஆகியவற்றில் ஒன்று. இன்று மேஜர் என்று சொல்லப்படுவதன் மூதாதை இந்த மூன்றாம் பகுதிதான். பி.எஸ்ஸி. என்ற பட்டம் அப்போது சென்னையில் வழக்கத்தில் இல்லை. பௌதிகம் படித்தவரும் பி.ஏ.தான். சி. வி. ராமன் 1904இல் மாநிலக் கல்லூரியில் பெற்றது பௌதிகத்தில் பி.ஏ., 1907இல் பெற்றது எம்.ஏ.

எதை எடுப்பது என்பது எப்படி முடிவாயிற்று என்பதற்குச் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் நல்ல சான்று. வேலூர் வூரீஸ் கல்லூரியிலிருந்து சென்னை கிறித்துவக் கல்லூரிக்கு வந்த அவருக்குத் தத்துவத்தில் தனி ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. அதே கல்லூரியில் தத்துவம் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பாடப்புத்தகங்களைக் கொடுத்தார்; புத்தகம் வாங்கும் செலவு மிச்சம். பிரிவு அதோடு முடிவாயிற்று. இந்தியத் தத்துவத்தை மேல்நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் அந்தத் துறைக்குள் வந்தது இப்படித்தான். வசதி குறைந்த வீடுகளில் அண்ணன் படித்த பாடத்தையே தம்பியும் படிக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. அதன் காரணம் பாரம்பரியம் என்பதைவிடப் பழைய புத்தகம் என்பதே பொருத்தம்.

பாடப்பிரிவைப் பற்றி அன்று பெரிய கவலை இல்லாததற்குக் காரணம், வேலை பாடத்தைக் கேட்கவில்லை, பட்டத்தைக் கேட்டது. ராமன் எம்.ஏ. முடித்த கையோடு நிதித்துறைத் தேர்வு எழுதி, முதலிடம் பெற்று, கல்கத்தாவில் துணைக் கணக்காயராக அமர்ந்தார். பௌதிகத்துக்கென்று வேலை வைத்திருந்த இடங்கள் மிகச் சில. பி.ஏ. முடித்தவருக்கு முன்னால் இருந்தவை அரசு அலுவலகம், பள்ளி ஆசிரியர் பணி, அல்லது மேலும் படித்து பி.எல். வாங்கி வக்கீல் தொழில். பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று வந்தாலே போதும், அந்த பி.ஏ. எந்தப் பாடத்தில் என்பதை எழுதும் வழக்கம்கூட இல்லை.

தொழிற்படிப்புகள் தனிப் பாதையில் வளர்ந்தன. 1794இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னர் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டி வளாகத்துக்குப் போனது. அந்தக் கல்லூரியில் சேர்ந்தவருக்கு நெடுங்காலம் சிவில் மட்டுமே. மெக்கானிகல் 1894இல் வந்தது, எலெக்ட்ரிகல் 1930இல். மூன்றுக்குள் ஒன்றைத் தேர்வது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் சாத்தியமாயிற்று. மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கி 1850இல் கல்லூரியானது. 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களை அது சேர்த்துக்கொண்டது. 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார் முத்துலட்சுமி ரெட்டி.

பெண்ணுக்குத் தொழிற்படிப்பு என்றால் மருத்துவம் என்ற வழக்கத்தை முதலில் மீறியவர்களில் ஒருவர் அ. லலிதா. 15 வயதில் திருமணம், 18 வயதில் கைம்மை, கையில் பெண் குழந்தை. மருத்துவம் படித்தால் இரவில் அழைப்பு வரும், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்று யோசித்து அவர் பொறியியலைத் தேர்ந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர் என்பது வழியை எளிதாக்கியது. 1940இல் எலெக்ட்ரிகல் பிரிவில் சேர்ந்தபோது ஆண்கள் மட்டுமே படித்த வளாகத்தில் அவர் தனி ஆள். பின்னர் லீலம்மா ஜார்ஜும் பி. கே. த்ரேசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டம் பெற்றார்கள். சான்றிதழில் ஆணைக் குறித்து அச்சிட்டிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். பாடப்பிரிவுத் தேர்வின் வரலாற்றில் வருமானமோ ஆர்வமோ அல்லாமல் வேலை நேரத்தைக் கணக்கிட்டு ஒருவர் எடுத்த முடிவாக இது தனித்து நிற்கிறது. இன்றும் பல பெண்கள் போடும் கணக்கு அதுதான்.

1904இன் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகு எஃப்.ஏ. மறைந்து இன்டர்மீடியட் வந்தது. இரண்டு ஆண்டுதான், ஆனால் எல்லாப் பாடமும் எல்லோருக்கும் என்ற பழைய விதி போயிற்று. மொழிகள் பொது, மீதியில் மூன்று பாடங்கள் கொண்ட ஒரு தொகுதியை எடுக்க வேண்டும். கணிதம், பௌதிகம், ரசாயனம் சேர்ந்தது முதல் குரூப். பௌதிகம், ரசாயனத்தோடு இயற்கை விஞ்ஞானம் சேர்ந்தது இரண்டாம் குரூப். வரலாறு, தர்க்கம் முதலியவை மூன்றாம் குரூப். பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் வெறும் வரிசை எண்ணாக இருந்தவை பேச்சில் தரவரிசையாக மாறின. கணக்கு நன்றாக வருகிறவன் ஃபர்ஸ்ட் குரூப், டாக்டராக வேண்டுமானால் செகண்ட் குரூப், இரண்டும் முடியாவிட்டால் தேர்ட் குரூப். இன்டர்மீடியட் மறைந்து இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகியும் தமிழ்நாட்டு வீடுகளில் 'எந்த குரூப்?' என்ற கேள்வி மறையவில்லை. விதி எழுதியவர்கள் வரிசையை மாற்றி எழுதியிருந்தால் வரலாறு படிப்பவரின் மதிப்பு கூடியிருக்குமா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் இல்லை, வேலைச் சந்தை அந்த எண்ணைச் சீக்கிரமே மாற்றியிருக்கும்.

இன்டர்மீடியட்டுக்குப் பிறகு இரண்டு வழிகள் இருந்தன: இரண்டு ஆண்டு சாதாரணப் பட்டம், அல்லது ஒரே பாடத்தில் மூன்று ஆண்டு ஆனர்ஸ். ஆனர்ஸ் கிடைப்பது எளிதல்ல. பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் கொண்ட ஆனர்ஸ் படித்தவர் சி. என். அண்ணாதுரை. மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் படித்தவர் சு. சந்திரசேகர். இந்த இரண்டாமவரின் கதையில் தந்தை-மகன் வாக்குவாதம் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்கிறது. சந்திரசேகருக்கு ராமானுஜன் வழியில் கணிதம் படிக்க ஆசை. இரயில்வே தணிக்கைத் துறை அதிகாரியான தந்தைக்கு மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று ஆசை; அதற்குப் பௌதிகம் தோதானது என்பது அவர் கருத்து. மகன் பௌதிகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு கணித வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். 1930இல் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் கப்பலேறிய பிறகு ஐ.சி.எஸ். பேச்சு அடங்கியது. நட்சத்திரங்களின் எடைக்கு எல்லை கண்ட அவரது கணக்கில் இரண்டு பாடங்களும் இருக்கின்றன.

இதற்கிடையே பாடப்பிரிவு என்பது இடப்பங்கீட்டோடு பிணைந்தது. அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரிக்கப்பட்டது. மருத்துவம் கேட்ட செண்பகம் துரைராஜனும் பொறியியல் கேட்ட சி. ஆர். சீனிவாசனும் தொடுத்த வழக்குகளில் 1951 ஏப்ரல் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. சென்னை மாகாணத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. கல்லூரிச் சேர்க்கையை ஒட்டி எழுந்த வழக்கு நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே திருத்த வைத்தது. ஒதுக்கீடு இல்லாமல் 'விருப்பம்' என்ற சொல் பலருக்குப் பொருளற்றதாக இருந்திருக்கும் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாசலையே தாண்டாத குடும்பங்களிலிருந்து டாக்டரும் என்ஜினியரும் வந்தது அதற்குப் பிறகுதான் பெருகியது.

அதே ஆண்டுகளில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராமேஸ்வரத்து மாணவர் ஒருவர் இன்டர்மீடியட் முடித்து பி.எஸ்ஸி. பௌதிகம் சேர்ந்தார். பட்டம் வாங்கும் நேரத்தில்தான் தாம் படிக்க விரும்பியது பௌதிகம் அல்ல, பொறியியல் என்று ஏ. பி. ஜே. அப்துல் கலாமுக்குத் தெரிந்தது. இன்டர்மீடியட் முடித்தவுடனேயே பொறியியலுக்குப் போயிருக்கலாம் என்பதைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. ஆனால் காலம் தாழ்ந்தவருக்கும் ஒரு கதவு இருந்தது. சி. ராஜம் தம் வீட்டை விற்றுத் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949 முதல் பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டது, விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று அன்று அரிதாகவே கிடைத்த பிரிவுகளை வைத்தது. சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு அக்கா ஜோஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தவறாகத் தேர்ந்த பாடத்தை மூன்று ஆண்டும் ஒரு சங்கிலியும் செலவழித்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. பின்வந்த தலைமுறைகளுக்கு அப்படித் திரும்பும் வழிகள் அடைபட்டுக்கொண்டே வந்தன.

1950களின் நடுவில் இன்டர்மீடியட் போய் ஓராண்டு பி.யூ.சி. வந்தது, பட்டப்படிப்பு மூன்று ஆண்டாயிற்று. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் கல்லூரி வாசலில் நின்று குரூப் எடுத்தார். ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஓராண்டு பாலைவனம் போல இருந்தது: தமிழில் படித்துவிட்டு வந்தவர் திடீரென்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் காலத்தில், 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழில் பி.ஏ. நடத்திப் பார்த்தார்கள். கலைப் பாடங்களுக்கு அது பரவியது. அறிவியல், தொழிற்படிப்பு என்றால் ஆங்கிலம் என்ற பிரிவினையும் அதோடு உறுதிப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிகலையும் தமிழில் தொடங்க 2010 வரை ஆயிற்று.

மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்த முறையை உச்ச நீதிமன்றம் 1968இல் ரத்து செய்தது. கல்லூரிகளைத் தனித்தனி யூனிட்டாக்கிச் சேர்த்த முறை 1970இல் விழுந்தது. நேர்காணலில் தாராளமாக மதிப்பெண் போட்ட வழக்கம் அந்தத் தீர்ப்பில் கண்டனத்துக்கு உள்ளானது. சிபாரிசுக் கடிதம் என்ற பண்டத்தின் செல்வாக்கு இதற்குப் பிறகு மெல்லக் குறைந்து, மதிப்பெண் பட்டியலின் செல்வாக்கு ஏறியது.

பெரிய மாற்றம் 1978. அந்தக் கல்வியாண்டில் பி.யூ.சி.க்கு முடிவுகட்டி, மேல்நிலைக் கல்வி எனப்படும் பிளஸ் டூ பள்ளிகளில் தொடங்கப்பட்டது. முதல் பொதுத் தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. பார்வைக்கு இது ஓராண்டுப் படிப்பைக் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு மாற்றியது, அவ்வளவே. உண்மையில் மாறியது முடிவெடுக்கும் இடமும் வயதும். பத்தாம் வகுப்பு முடித்த 15 வயதுப் பிள்ளை தன் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் நின்று குரூப் சொல்ல வேண்டும். கேட்டது கிடைக்குமா என்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பொறுத்தது. பள்ளியில் எந்த ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. பௌதிக ஆசிரியர் இல்லாத ஊரில் ஃபர்ஸ்ட் குரூப்பும் இல்லை. பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறிப் போக வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை, வசதியற்ற பிள்ளைக்கு வேறொன்று. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாத வீடுகளில் உள்ளூர்ப் பள்ளியில் இருந்த குரூப்தான் அவள் எதிர்காலம்.

குரூப்புகளின் பெயர்களும் மாறின. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்தது பயோ-மேக்ஸ். மருத்துவம், பொறியியல் இரண்டு கதவுகளையும் திறந்து வைப்பது என்பதால் பெற்றோரின் முதல் விருப்பம் அதுவே ஆயிற்று. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தால் பியூர் சயின்ஸ். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் காமர்ஸ் குரூப். கணினி அறிவியல் பின்னால் வந்து கணிதத்தோடு சேர்ந்தது. பிளஸ் டூவோடு கூடவே பிறந்த தொழிற்கல்விப் பிரிவு, கைத்தொழிலைக் கல்விக்குள் கொண்டுவரும் நல்ல எண்ணத்தில் வந்தது. தையல், வேளாண்மை, செவிலியம், அலுவலக மேலாண்மை என்று அதில் பயனுள்ளவை பல. ஆனால் மதிப்பெண் குறைந்தவர்களை அனுப்பும் இடமாக அதைப் பள்ளிகளே ஆக்கிவிட்டன.

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்குப் பரீட்சை என்றும் பொருள், தெரிந்தெடுத்தல் என்றும் பொருள். 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்த பிறகு இரண்டு பொருளும் ஒன்றாகக் கரைந்துவிட்டன. பிளஸ் டூ மதிப்பெண் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, மொத்தம் 300. அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்ற இடத்தில்தான் ஒருவர் விருப்பத்தைச் சொல்ல முடியும். அதே காலத்தில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதுவரை கிண்டி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர், காரைக்குடி, சேலம், திருச்சி ஆர்.இ.சி. என்று விரல்விட்டு எண்ணக்கூடியவையே இருந்தன. இப்போது டிரஸ்ட் வைத்து நடத்தியவர்களின் கட்டடங்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் எழும்பின. நன்கொடை கொடுத்து சீட் வாங்குவது ஊரறிந்த நடைமுறையானது. 1993இன் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு தனியார் கல்லூரி இடங்களில் பாதியை அரசு நிர்ணயித்த குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கச் சொன்னது. 'ஃப்ரீ சீட்', 'பேமென்ட் சீட்' என்ற சொற்கள் கல்யாணப் பேச்சுவரை போயின.

1990களில் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தது. அதன் துணைவேந்தராக இருந்த மு. அனந்தகிருஷ்ணன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஏற்பாடு இது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி சிபாரிசு என்ற அலைச்சலுக்குப் பதிலாக ஒரே தரவரிசை, ஒரே இடம், ஒரே நாள். ஜூலை மாதங்களில் அதன் கிண்டி வளாகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கிய அப்பா, அம்மா, சில வீடுகளில் மாமாவும் சித்தப்பாவும். பிளாஸ்டிக் உறையில் அசல் சான்றிதழ்கள். மரத்தடியில் பிரித்து வைத்த சாப்பாட்டுப் பொட்டலம். கூடத்தில் பெரிய திரையில் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாகக் காலியிட எண்ணிக்கை ஓடும். தங்களுக்கு முன்னால் உள்ளே போனவர் கடைசி இ.சி.இ. இடத்தை எடுத்துவிட, திரையில் அது சுழியமாவதைக் குடும்பமே பார்க்கும். 'காலேஜைப் பார்க்கிறதா, பிராஞ்சைப் பார்க்கிறதா' என்பது அன்றைய மாபெரும் தத்துவக் கேள்வி. நல்ல கல்லூரியில் சிவிலா, சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா? உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்த பிறகு கிடைத்தவை சில நிமிடங்கள். வெளியே வரும்போது கையில் அச்சிட்ட ஒதுக்கீட்டு ஆணை. அதில் இருந்த பிரிவின் பெயரை அன்று காலைதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டவர்களும் உண்டு. ஆனாலும், அப்பாவுக்கு யாரையும் தெரியாது என்ற காரணத்தால் யாருக்கும் இடம் மறுக்கப்படாத முதல் ஏற்பாடு அது என்பதால், சிறு ஊர்களில் அதற்குக் கிடைத்த மதிப்பு பெரிது.

பிரிவுகளின் ஏற்ற இறக்கமும் இந்தத் திரையில் தெரிந்தது. ஒரு காலத்தில் பொதுப்பணித் துறையை நம்பி சிவில் முதலில் நின்றது. தொழிற்சாலைகள் பெருகியபோது மெக்கானிகலும் எலெக்ட்ரிகலும். 1990களில் மென்பொருள் நிறுவனங்கள் வந்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸும் இ.சி.இ.யும் ஐ.டி.யும் மேலே ஏறின. அந்த நிறுவனங்களோ வளாக நேர்காணலில் எந்தப் பிரிவு என்று கறாராகப் பார்க்காமல் மெக்கானிகல்காரரையும் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தன. ராமன் காலத்தில் கணக்குத் துறை நடந்துகொண்ட விதத்துக்கு இது வெகு தூரமில்லை.

கலைக் கல்லூரிகளில் இந்தப் பரபரப்பு இல்லை. அங்கே பி.காம். தனி அரசு நடத்தியது. எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் என்று தட்டச்சுப் பயிலகங்களுக்குப் போன கூட்டத்தின் அடுத்த தலைமுறை, வங்கியையும் ஆடிட்டர் அலுவலகத்தையும் நம்பி அதில் சேர்ந்தது. இன்றும் பல அரசுக் கலைக் கல்லூரிகளில் முதலில் நிரம்பும் பிரிவு அதுதான்.

நுழைவுத் தேர்வை நீக்க 2005இல் அரசு எடுத்த முயற்சியும் அடுத்த ஆண்டு எடுத்ததும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையைக் கொண்டு இயற்றிய சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று 2007இல் நடைமுறைக்கு வந்தது. பிளஸ் டூவில் கணிதத்தின் 200ஐ நூறாகவும், இயற்பியல், வேதியியலின் தலா 200ஐ ஐம்பதாகவும் சுருக்கிக் கூட்டியபோது 200க்கு ஒரு எண் வந்தது. அதுதான் கட்-ஆஃப். ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் பிறந்த தேதியும், கடைசியாகக் கணினி எழுப்பிய ரேண்டம் எண்ணும் முடிவு செய்யும். அரை மதிப்பெண் நூற்றுக்கணக்கான இடங்களைத் தாண்ட வைத்ததால், நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தின. இதைத் தடுக்கப் பிளஸ் ஒன்னுக்கும் 2018இல் பொதுத் தேர்வு வைத்தார்கள். மொத்த மதிப்பெண்ணும் 1200இலிருந்து 600 ஆனது.

மருத்துவத்தில் மாநிலத்தின் இந்தக் கணக்கு 2017இல் முடிந்தது. அந்த ஆண்டு முதல் நாடு தழுவிய நுழைவுத் தேர்வான நீட் கட்டாயமாகி, பிளஸ் டூ மதிப்பெண் வெறும் தகுதியாகச் சுருங்கியது. பத்தாம் வகுப்பு முடிந்தபோதே பயிற்சி மையத்தில் சேரும் வசதி யாருக்கு உண்டு என்பது குரூப் எடுக்கும்போதே எழும் கேள்வியாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, அந்தக் கேள்விக்கு அரசு கொடுத்த விடைகளில் ஒன்று. வீட்டின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்புக் கட்டணச் சலுகை 2010இலேயே வந்திருந்தது. என்ன படிக்கலாம் என்று எடுத்துச் சொல்வதையே அரசு தன் வேலையாக ஏற்ற 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. கலாம் திருச்சியில் பௌதிகம் எடுத்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து.

2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்குப் போனது. கிண்டி மரத்தடி காலியாயிற்று. கூட்டம் வீட்டுக்கும் பிரவுசிங் சென்டருக்கும் கலைந்தது. திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து அந்த நொடியில் முடிவெடுப்பதற்குப் பதிலாக, கல்லூரியும் பிரிவும் சேர்ந்த விருப்பங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்திப் பூட்ட வேண்டும். தரவரிசையில் முன்னால் இருப்பவர்களின் பட்டியல் முடிந்ததும், மென்பொருள் அடுத்தவரின் பட்டியலை மேலிருந்து படித்து முதலில் காலியாக உள்ளதைக் கொடுக்கும். முந்தைய ஆண்டு கட்-ஆஃபைப் பார்த்து இது தனக்குக் கிடைக்காது என்று நினைத்து நல்ல பிரிவைக் கீழே வைத்தவர், கிடைத்திருக்கக்கூடியதை இழப்பார். மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை என்ற சிறு உண்மையைச் சொல்லிக் கொடுக்கவே ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊருக்கு ஊர் வழிகாட்டுக் கூட்டம் நடக்கிறது.

சுயநிதிக் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டிய பிறகு வரிசை திரும்பி நின்றது. இடத்தைத் தேடி மாணவர் அலைந்த காலம் போய், மாணவரைத் தேடிக் கல்லூரிகள் அலைகின்றன. பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து வீட்டுத் தொலைபேசி ஓய்வதில்லை. சிவிலிலும் மெக்கானிகலிலும் ஆள் சேராத கல்லூரிகள் அந்தப் பிரிவுகளைக் குறைத்து அல்லது மூடி, அந்த இடங்களைக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் செயற்கை நுண்ணறிவு-தரவு அறிவியல் என்ற புதுப் பிரிவுக்கும் மாற்றிக்கொள்கின்றன. சர்வே பட்டறையில் தியோடலைட்டும் சங்கிலியும் அடுக்கியிருந்த அறைகளில் கணினி மேசைகள் வந்துவிட்டன. 1794இல் கோட்டைக்குள் எட்டிப் பார்த்த நில அளவைதான் இந்த மாநிலத்தின் முதல் பொறியியல் பாடம்; இன்று சில கல்லூரிகளின் விவரக்குறிப்பில் அது இல்லை.